ஈரல், நுரையீரல் வாங்கி நாய்க்கு வீட்லயே ட்ரீட் செய்யறது எப்படி

பெட் ஷாப்ல சின்ன பாக்கெட்ல விக்கிற காஞ்ச சிக்கன் ஈரல் ட்ரீட்டோட விலைய கிலோ கணக்குல போட்டு பாத்தீங்கன்னா தலை சுத்தும், அந்த காசுக்கு வீட்ல எல்லாருக்கும் மட்டன் பிரியாணி வாங்கிடலாம். பாக்கெட்ட திருப்பி பின்னாடி படிச்சா உள்ள இருக்கறது ஈரல், அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல. அதே ஈரல் தெருமுனை கோழிக்கடைல கறிய விட கம்மி விலைக்கு தனியா ஒரு தட்டுல குவிச்சு வச்சிருப்பாங்க. வேலையும் பெருசா ஒண்ணும் இல்லங்க, முக்கால்வாசி நேரம் அது பாட்டுக்கு காயும், நடுவுல ஒரு தடவை திருப்பி விட்டா போதும்.

ஆனா ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். வீடியோல நிறைய பேர் பச்சை ஈரல அப்டியே டிஹைட்ரேட்டர்ல, அதாவது சூடு காத்துல காய வைக்கிற மிஷின்ல, அடுக்கி காய வைக்கிறத காட்டறாங்க, நான் அத செய்யறதில்ல, உங்களையும் செய்ய சொல்ல மாட்டேன். முதல்ல வேகணும், அப்புறம்தான் காயணும். பச்சையா காய வச்சா மேல்பக்கம் சீக்கிரம் காஞ்சு உள்ள சூடு போய் சேர்றதுக்குள்ள சால்மொனெல்லா மாதிரி கிருமிங்க அந்த வறட்சிக்கே பழகிடும், அதுக்கப்புறம் சூடு காட்டினாலும் லேசுல சாகாது. கோழின்னா உள்பக்கம் 74 டிகிரி செல்சியஸ், ஆடு மாடுன்னா 71 டிகிரி, இது வர்ற வரைக்கும் வேக வச்சுட்டு காய வைக்கணும், ஜெர்க்கி, அதாவது உப்புக்கண்டம் மாதிரி காஞ்ச கறி, செய்யறவங்களுக்கு அமெரிக்க விவசாயத்துறை சொல்ற கணக்கும் இதேதான். நாய்க்கு வயிறு ஸ்ட்ராங்கு ஒண்ணும் ஆகாதும்பாங்க, அது ஓரளவு உண்மைதான், ஆனா அந்த துண்ட கையில எடுத்து குடுக்கறது உங்க வீட்டு குழந்தை, அந்த கையோட முறுக்கு சாப்புடறதும் அதே குழந்தைதான்.

எத வாங்கறது

புதுசா ஆரம்பிக்கறவங்க கோழி ஈரல்லயே ஆரம்பிங்க. அரக்கு கலர்ல பளபளன்னு இருக்கணும், மங்கி போய் சாம்பலடிச்சு புளிப்பு வாடை வந்தா வேணாம். ஈரல் மேல எங்கயாவது பச்சையா கறை இருந்தா பித்தப்பை உடைஞ்சு பட்டிருக்குன்னு அர்த்தம், அந்த இடத்த தாராளமா வெட்டி எறிஞ்சிடுங்க, இல்லன்னா மொத்த பேட்ச்சும் கசக்கும், நாய் மோந்து பாத்துட்டு நம்ம மூஞ்சிய ஒரு மாதிரி பாக்கும். கோழியோட அரவைப் பை, அதாவது கிஸார்ட், அதுவும் நல்ல ஐட்டம், கொழுப்பு கம்மி, காஞ்சா ரப்பர் மாதிரி ஜவ்வுன்னு இருக்கும், மெல்லணும்னு ஆசைப்படற நாய்ங்களுக்கு சரியா இருக்கும். உள்பக்க மஞ்சள் தோல உரிச்சிருக்காங்களான்னு மட்டும் பாத்துக்கோங்க.

மட்டன் ஈரலும் சுவரொட்டியும், அதாவது மண்ணீரலும், நம்ம ஊர்ல கறி விலைக்கே போகுது, சில கடைல அதுக்கு மேல, ஞாயித்துக்கிழமை காலைல லேட்டா போனா சுவரொட்டி கண்ணுலயே படாது, ரத்தம் ஊறும்னு யாராவது முன்னாடியே சொல்லி வச்சு வாங்கிட்டு போயிருப்பாங்க. அத வாங்கி நாய்க்கு காய வைக்கிறது வேஸ்ட்டுன்னுதான் நான் சொல்லுவேன். அதுக்கு பதிலா பாய் கடைல ஆட்டு நுரையீரல் கேளுங்க, விலையும் கம்மி, கலோரியும் கம்மி, காஞ்சா அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு வரும், குண்டா இருக்கற லாப்ரடார் வீட்ல இருந்தா இதுதான் உங்களுக்கு. ஆட்டு இதயம் பேருக்குதான் உறுப்பு, உண்மைல அது தசை, சாதா கறி மாதிரியேதான், அதனால ஈரலுக்கு இருக்கற மாதிரி பெரிய அளவு கட்டுப்பாடெல்லாம் இதுக்கு இல்ல. குண்டிக்காய் செய்யலாம், ரெண்டா பொளந்து நடுவுல இருக்கற வெள்ளை நரம்பு பகுதிய எடுத்துடணும், எடுத்தாலும் வேகும்போது வர்ற வாடைக்கு நான் பொறுப்பில்ல.

வேணாம்னு சொல்ற ஒண்ணு, தொண்டைப் பகுதி. மூச்சுக்குழல் மேல தைராய்டு சுரப்பி ஒட்டிட்டு வரும், அது உள்ள போனா நாயோட உடம்புல தைராய்டு ஹார்மோன் ஏறிடும், அமெரிக்கால 2017ல சில டப்பா உணவையும் ட்ரீட்டையும் இதுக்காகவே திரும்ப வாங்கினாங்க. நுரையீரலோட மூச்சுக்குழல் சேர்ந்து வந்துச்சுன்னா கீழ் பாகம் பரவால்ல, குரல்வளை பக்கத்த கடைலயே வெட்டிட சொல்லுங்க.

அந்த தண்ணி கொப்புளம்

ஆட்டு ஈரல், நுரையீரல் வாங்கறவங்க இத கண்டிப்பா படிங்க. சில சமயம் நுரையீரல் மேலயோ ஈரல் உள்ளயோ வெள்ளையா, உள்ள தெளிஞ்ச தண்ணி நிறைஞ்ச கொப்புளம் இருக்கும், கோலிகுண்டு சைஸ்லருந்து எலுமிச்சை சைஸ் வரைக்கும் பாக்கலாம், அமுக்கினா திம்முன்னு இருக்கும். அது ஹைடேட்டிட் கட்டி. எக்கினோகாக்கஸ்னு ஒரு நாடாப்புழுவோட குஞ்சு பருவம் அதுக்குள்ள இருக்கு. இத நாய் பச்சையா சாப்பிட்டா புழு நாயோட குடல்ல வளரும், நாய்க்கு வெளில ஒண்ணும் தெரியாது, ஜாலியாதான் இருக்கும், ஆனா அதோட மலத்துல வர்ற முட்டை மேய்ச்சல் நிலத்துல விழுந்தா ஆட்டுக்கு போகுது, கை வழியா காய்கறி வழியா நம்ம வாய்க்கு வந்தா நம்ம ஈரல்லயும் நுரையீரல்லயும் அதே கட்டி வருது, ஆபரேஷன் வரைக்கும் போற சமாச்சாரம். கறிக்கடைல இந்த மாதிரி பகுதிய வெட்டி வெளில வீச, வாசல்ல உக்காந்திருக்கற தெருநாய் கவ்விட்டு போகுது பாருங்க, இந்த சுத்து அப்படித்தான் நிக்காம ஓடுது.

அதனால கொப்புளம் இருக்கற துண்ட வாங்காதீங்க, வீட்டுக்கு வந்தப்புறம் பாத்தா குத்தி உடைக்காம அப்டியே கவர்ல ரெண்டு சுத்து சுத்தி குப்பைல போடுங்க, இல்ல ஆழமா புதைங்க, பாவம்னு தெருநாய்க்கு மட்டும் போடாதீங்க. கண்ணுக்கு தெரியாத சின்ன கட்டியும் இருக்கும், நல்லா வேக வச்சா செத்துடும், அதனாலயும்தான் முதல்ல வேக வைங்கன்னு இவ்ளோ கத்தறேன். வீட்டு நாய்க்கு பூச்சி மருந்து குடுக்கும்போது அதுல பிராசிக்வான்டெல் இருக்கான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, நாடாப்புழுவுக்கு அதுதான் வேலை செய்யும்.

கோழி ஈரல் ட்ரீட்

அரை கிலோ ஈரல் எடுத்துக்கோங்க. குழாய நேரா தொறந்து விட்டு கழுவாதீங்க, தெறிச்சு பக்கத்துல இருக்கற தட்டு டம்ளர் எல்லாத்து மேலயும் கிருமி போகும், ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சு மெதுவா அலசி எடுத்தா போதும். நாம கறிக்கு போடற பழக்கத்துல கல்லுப்பு போட்டு பெசையாதீங்க, மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை போட்டா ஒண்ணும் ஆகாது. வெங்காயம், பூண்டு, இஞ்சி பூண்டு பேஸ்ட், மசாலா எதுவும் கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்த சிவப்பணுவ உடைக்கும், வாசனைக்கு கொஞ்சம்தானேன்னு போடற இடம் இது இல்ல.

ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிச்சதும் ஈரல முழுசா போட்டு தீய குறைச்சு 5லருந்து 7 நிமிஷம். மேல சாம்பல் கலர்ல நுரை வரும், கரண்டியால எடுத்துடுங்க. பெருசா இருக்கற ஒண்ண எடுத்து நடுவுல வெட்டி பாருங்க, உள்ள சிவப்பு துளி கூட இருக்கக்கூடாது, வர்ற தண்ணி தெளிவா இருக்கணும். கிச்சன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, பெரிய விலை இல்ல, குத்தி பாத்தா சந்தேகமே இருக்காது. வேக வச்ச தண்ணிய கீழ ஊத்தாதீங்க, ஆற வச்சு ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல வச்சா வெயில் நாள்ல மதியம் நாய்க்கு ஒரு கட்டி போடலாம், இல்ல அதோட சாதத்துல ஒண்ணு போட்டு பெசைஞ்சு குடுக்கலாம்.

வெந்த ஈரல வடிச்சு, துணில ஒத்தி எடுத்து, ஃப்ரிட்ஜ்ல ஒரு அரை மணி நேரம் வச்சுட்டு வெட்டுங்க. சூடா வெட்டினா பொடிப்பொடியா உதிரும், குளிர்ந்தா கத்தி சுத்தமா இறங்கும். அரை சென்டிமீட்டர் கனத்துல பட்டாணி அளவு துண்டா போடுங்க, காஞ்சா இன்னும் சுருங்கும். ஓடிஜில, அதாவது வீட்டு கரண்ட் ஓவன்ல, 100 டிகிரில ஃபேன் ஓட விட்டு, பார்ச்மென்ட் பேப்பர் மேல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி ரெண்டு ரெண்டரை மணி நேரம், நடுவுல ஒரு தடவை திருப்பி விடணும். ஈரம் வெளில போகணும்ல, அதனால கதவுல ஒரு மரக்கரண்டிய சொருகி லேசா தொறந்து வைங்க. ஏர் ஃப்ரையர்னா 80 டிகிரில ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், பாதி பாதியா போடுங்க. டிஹைட்ரேட்டர் இருந்தா 70 டிகிரில 5லருந்து 7 மணி நேரம், ராத்திரி போட்டுட்டு தூங்கிடலாம்.

காஞ்சிடுச்சான்னு டைம பாத்து முடிவு பண்ணாதீங்க, கைல எடுத்து பாருங்க. ஒரு துண்ட முழுசா ஆற விட்டு உடைச்சா டக்குன்னு உடையணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. உடைஞ்ச இடத்த டிஷ்யூ பேப்பர்ல அமுக்கினா ஈரக்கறை வரக்கூடாது. சூடா இருக்கும்போது எல்லாமே கொஞ்சம் மெத்துன்னுதான் இருக்கும், அதுல ஏமாந்து ஓவரா ஓட்டி கரியாக்கிடாதீங்க. அரை கிலோ பச்சை ஈரல்ல கடைசியா கைக்கு வர்றது 150 கிராம் பக்கம்தான், மீதி எல்லாம் தண்ணி.

வாடைய பத்தி எச்சரிக்கணும். ஈரல் காயற வாடை ஹால் கர்ட்டன் வரைக்கும் போகும், விருந்தாளி வர்ற நாள்ல இந்த வேலைய வச்சுக்காதீங்க. நாய் ஓடிஜி முன்னாடியே தவம் கிடக்கும், அது தனி.

நுரையீரல் சிப்ஸ்

இது கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். நுரையீரல் முழுக்க காத்து, தண்ணில போட்டா முங்காது, மேலயே மிதந்துட்டு ஒரு பக்கம் வேகும் ஒரு பக்கம் வேகாது. அதனால கைப்பிடி அளவு துண்டா வெட்டி போட்டு மேல ஒரு தட்ட கவுத்து அது மேல சின்ன அம்மிக்குழவியோ தண்ணி சொம்போ வச்சு அமுக்கிடுங்க. நுரை பொங்கி பொங்கி வரும், குக்கர்ல போடவே போடாதீங்க, அந்த நுரை விசில் துவாரத்த அடைச்சுடும், பெரிய வாய் அகன்ற பாத்திரத்துல பாதி தண்ணியோட போடறதுதான் சேஃப். கொதி வந்தப்புறம் 25 நிமிஷம். கெட்டியான வெள்ளை குழல் பகுதிய எல்லாம் தனியா வெட்டி எடுத்துடுங்க, அது சீக்கிரம் காயாது, வேணும்னா அன்னைக்கே அப்டியே குடுத்துடலாம்.

வெந்தத ஃப்ரீசர்ல ஒரு மணி நேரம் வச்சு பாதி இறுகினதும் மெல்லிசா சீவுங்க, மூணு நாலு மில்லிமீட்டர் போதும். 90, 100 டிகிரில ரெண்டு மணி நேரத்துல லேசாகி மொறுமொறுன்னு ஆகிடும். ஏர் ஃப்ரையர்ல போடறவங்க கவனிங்க, காஞ்ச நுரையீரல் துண்டு இறகு கணக்கா இருக்கும், ஃபேன் காத்துல பறந்து மேல கம்பில ஒட்டி கருகும், அதனால மேல ஒரு கம்பி ரேக்க கவுத்து வைங்க. இதயமும் கிஸார்டும் இதே முறைதான், ஆனா இதயத்து மேல இருக்கற வெள்ளை கொழுப்ப முதல்லயே சீவி எடுத்துடுங்க, கொழுப்பு காயாது, சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சிடும்.

ஓவன் இல்லன்னா

மொட்டை மாடில வத்தல் போடற மாதிரி போடலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. வேணாங்க. ஈ மொய்க்கும், காக்கா தூக்கும், சென்னை தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல காத்துல இருக்கற ஈரத்துக்கு அது காயறதுக்குள்ள கெட்டுடும். கருவாடு அப்படி காயறது அதுல ஏறியிருக்கற உப்புனால, நாம இங்க உப்பே போடறதில்ல.

ஓவன் இல்லாதவங்களுக்கு இட்லி பாத்திரம் இருக்கே. 250 கிராம் கோழி ஈரல், ஒரு முட்டை, அரை கப் கேழ்வரகு மாவு, ரெண்டு ஸ்பூன் கோதுமை மாவு, மிக்ஸில ஒரு சுத்து, இட்லி மாவு பதத்துல இருக்கணும், தண்ணி ஊத்த வேண்டியிருக்காது. மினி இட்லி தட்டுல எண்ணெய் தொட்டு தடவி ஊத்தி 15 நிமிஷம் ஆவில வைங்க, குச்சில குத்தினா ஒட்டாம வரணும். ஆறினதும் ஒரு மினி இட்லிய நாலா வெட்டினா ட்ரெயினிங்குக்கு அளவான துண்டு, மெத்துன்னு இருக்கறதால பல்லு போன வயசான நாயும் சாப்பிடும். கேழ்வரகு மட்டும் போட்டா உதிரும், அதுக்குதான் அந்த ரெண்டு ஸ்பூன் கோதுமை, நாய்க்கு கோதுமை ஒத்துக்காதுன்னா இன்னொரு முட்டை சேத்துக்கோங்க. மிக்ஸி ஜார முதல்ல பச்சைத்தண்ணில அலசிட்டு அப்புறம் சோப்பும் சுடுதண்ணியும் போடுங்க, நேரா சுடுதண்ணி ஊத்தினா ரத்தம் வெந்து பிளேடுக்கு அடில ஒட்டிக்கும், அடுத்த நாள் சட்னில வாடை வந்தா வீட்ல உங்க நிலைமைய நீங்களே யோசிச்சுக்கோங்க. வெல்லம், பீநட் பட்டர் எல்லாம் சேக்க வேண்டிய அவசியமே இல்ல, சில பீநட் பட்டர்ல சைலிடால்னு சர்க்கரைக்கு பதிலா போடற இனிப்பு இருக்கும், அது கொஞ்சம் போனாலே நாய்க்கு ஆபத்து.

இந்த இட்லி ஃப்ரிட்ஜ்ல மூணு நாள்தான், அதுக்கு மேல வேணும்னா ஃப்ரீசர். நல்லா உடையற அளவுக்கு காஞ்ச துண்டு ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரம், ஃப்ரீசர்ல ரெண்டு மூணு மாசம் தாங்கும். வெளில வைக்காதீங்க, கடைல விக்கறது மாசக்கணக்கா வெளில இருக்குதேன்னா அவங்க ஈரத்த மிஷின் வச்சு அளந்து, காத்து புகாம பேக் பண்றாங்க. சூடு முழுசா போனப்புறம்தான் டப்பா மூடிய போடணும், இல்லன்னா உள்ள வேர்த்து ரெண்டே நாள்ல பூஞ்சை. டப்பாக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போடற ஐடியா வேணாம், அது என்னைக்காவது ஒரு நாள் நாய் வாய்க்குள்ள போகும்.

எவ்ளோ குடுக்கறது

ட்ரீட் எல்லாம் சேந்து ஒரு நாள் கலோரில பத்துல ஒரு பங்கு, அதுக்கு மேல போகக்கூடாது. 10 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு 600 கலோரி சொச்சம் தேவைப்படும், அப்போ ட்ரீட்டுக்கு 60. காஞ்ச கோழி ஈரல் ஒரு கிராமுக்கு 4 கலோரி பக்கம் வரும், கணக்குப்படி 15 கிராம் குடுக்கலாம், ஆனா நான் அதுல பாதிதான் சொல்லுவேன், 7 கிராம். காரணம் வைட்டமின் ஏ. பச்சை கோழி ஈரல் 100 கிராம்ல 11,000 யூனிட் பக்கம் இருக்கு, செம்மறி ஆட்டு ஈரல்ல அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல, நீங்க போடற பெடிக்ரீ மாதிரி ட்ரை ஃபுட்லயும் ஏற்கனவே சேத்திருப்பாங்க. இது மூத்திரத்துல போயிடற வைட்டமின் இல்ல, உடம்புலயே தங்கும், மாசக்கணக்கா ஓவரா போனா எலும்பும் மூட்டும் பாதிக்கும். ஆட்டு ஈரல்னா 3 கிராமோட நிறுத்திக்கோங்க, மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை குடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம ஈரல் பக்கம் போக வேணாம். நுரையீரல், இதயத்துல இந்த கவலை இல்ல, அதனால ஒரு நாள் ஈரல் ரெண்டு நாள் நுரையீரல்னு மாத்தி மாத்தி குடுக்கறது நல்லது.

லாப்ரடார், டாபர்மேன் வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு. இந்த ரெண்டு வகைலயும் ஈரல்ல செம்பு தேங்கற வியாதி வர்ற நாய்ங்க உண்டு, மாட்டு ஈரல்லயும் ஆட்டு ஈரல்லயும் செம்பு ரொம்ப அதிகம், கோழி ஈரல்ல அதுல சின்ன பங்குதான் இருக்கு, அதனால கோழியோட நின்னுடுங்க. டால்மேஷியனுக்கு யூரிக் ஆசிட் கல்லு வர்ற உடம்பு, ஈரல் குண்டிக்காய் ரெண்டுமே அதுக்கு ஆகாது. கிட்னி, கணையம், ஈரல் பிரச்னைக்கு மருந்து சாப்பிடற நாய்க்கு டாக்டர கேக்காம எதுவும் குடுக்காதீங்க.

முதல் நாள் ஒரே ஒரு துண்டு, அடுத்த நாள் மலத்த பாருங்க. கருப்பா இளக்கமா போச்சுன்னா அளவு ஜாஸ்தி, ரெண்டு நாள் நிறுத்திட்டு பாதியா ஆரம்பிங்க. வாந்தியோ விடாத பேதியோ இருந்தா ட்ரீட்ட குறை சொல்லிட்டு உக்காராம கூட்டிட்டு போய் காட்டிடுங்க. வர சொன்னா வராத சிப்பிப்பாறை, ராஜபாளையம் வகைக்கு ட்ரெயினிங் குடுக்கறவங்க பட்டாணி சைஸயும் பாதியாக்குங்க, நாய்க்கு துண்டோட சைஸ் கணக்கில்ல, எத்தனை தடவை கிடைக்குதுங்கறதுதான் கணக்கு. டப்பா அடில தங்கற தூள கொட்டிடாதீங்க, சாப்பாட்ட மோந்து பாத்துட்டு முகத்த திருப்பிக்கற அன்னைக்கு சாதத்து மேல ஒரு சிட்டிகை தூவுங்க, தட்டு காலி.